பட்டம் கல்லூரியில், பெறுமதி பதிவேட்டில்

மருத்துவம் சார்ந்த தொழில் ஒன்றைக் கற்கக் கல்லூரியில் சேரும் மாணவர் மூன்று பொருள்களுக்குச் சேர்த்துப் பணம் கட்டுகிறார். முதலாவது கைத்திறன். இரண்டாவது, அந்தத் திறன் எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று சொல்லும் அறிவு. மூன்றாவது, படித்ததை வைத்துச் சட்டப்படி பிழைக்கும் உரிமை. கல்லூரியின் விளம்பரத்தில் மூன்றும் ஒரே பொதியாகத்தான் தெரியும். ஆனால் கல்லூரியால் உறுதியாகத் தரக்கூடியது முதலாவதை மட்டுமே. இரண்டாவது, பல நாட்டு ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சேர்ப்பது. மூன்றாவதைத் தருவது ஒரு நாட்டின் சட்டமும் அதன் பதிவேடும்.

கைரோபிராக்டிக் கல்லூரிகளில் படித்து மனம் கசந்தவர்களின் அனுபவத்தை இந்தப் பிரிவினையை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சீர்செய்வதாகச் சொல்லும் இத்தொழிலைக் கற்பிக்க இலங்கையில் கல்லூரி கிடையாது. இருந்தாலும் இது கண்டிக்குத் தொலைவான கதை அல்ல. உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எடுத்து, மருத்துவ பீடத்துக்குச் சில புள்ளிகள் போதாமல் நிற்கும் பிள்ளைகள் இங்கே ஒவ்வோர் ஆண்டும் நிறையப் பேர். அவர்களுக்காகவே வெளிநாட்டுக் கல்வி முகவர்களும் இருக்கிறார்கள். "டாக்டர்" என்ற முன்னொட்டோடு வரும் எந்தப் பட்டத்துக்கும் இந்த ஊரில் ஆள் கிடைக்கும்.

மளிகைக்காரர் கண்ட மருத்துவம்

கைரோபிராக்டிக்கைத் தொடங்கியவர் டேனியல் டேவிட் பால்மர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான டாவன்போர்ட்டில் காந்த சிகிச்சை செய்துவந்தவர். அதற்கு முன்பு மளிகை வியாபாரம். 1895 செப்டெம்பர் 18ஆம் திகதி, அதே கட்டடத்தில் துப்புரவு வேலை செய்த ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பில் ஒரு புடைப்பை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்பது பால்மர் சொன்ன கதை. செவி நரம்பு கழுத்து வழியே இறங்காமல் மண்டையோட்டுக்குள்ளேயே மூளையைச் சேர்கிறது என்பதால் உடற்கூற்றியல் படித்தவர்கள் அன்றே இதை நம்பத் தயங்கினார்கள். பால்மரோ அந்த ஒரு நிகழ்வின் மேல் முழுக் கோட்பாட்டையே எழுப்பினார். முதுகெலும்புகள் இடம் பிசகுவதால் உடலுக்குள் இயங்கும் "உள்ளார்ந்த அறிவு" தடைப்படுகிறது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் அதுவே காரணம். பிசகைத் திருத்தினால் உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். சோதனைகள் நடந்து முடிவு வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1897இல், பள்ளிக்கூடம் வந்துவிட்டது. 1906இல் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றத்துக்காகப் பால்மர் சிறைக்கும் போய் வந்தார்.

பள்ளியைப் பெருநிறுவனமாக்கியவர் அவருடைய மகன் பி. ஜே. பால்மர். மாணவர்களின் முதல் பெரிய ஏமாற்றமும் அவர் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1924இல் அவர் நியூரோகலோமீட்டர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். முதுகின் இரு பக்கத்து வெப்ப வேறுபாட்டை அளந்து பிசகைக் காட்டும் என்றார். கருவியை விலைக்குத் தரவில்லை; 2,200 டொலர் வரை வாங்கிக்கொண்டு வாடகைக்கு விட்டார். அது இல்லாமல் யாரும் சரியாகத் தொழில் செய்ய முடியாது என்றும் அறிவித்தார். கட்டணம் கட்டிப் படித்து, பட்டத்தைச் சுவரில் மாட்டி, சிறு ஊர்களில் கடை போட்டிருந்த பழைய மாணவர்களுக்கு இது இடி. அதுவரை படித்ததெல்லாம் போதாது என்று சொன்னவர் அவர்களுடைய ஆசானேதான். பள்ளியில் சேருவோர் தொகை சரிந்தது. மூத்த ஆசிரியர்கள் சிலர் வெளியேறி, 1926இல் இண்டியானாபொலிஸ் நகரில் லிங்கன் கைரோபிராக்டிக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

கோட்பாடு முதலில், சோதனை பிறகு என்ற இந்த வரிசைதான் இத்தொழிலின் கல்வியை இன்றுவரை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. முதுகெலும்புப் பிசகே எல்லாம் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் ஒருபுறம். முதுகுவலி, கழுத்துவலி என்ற எல்லைக்குள் நின்று மற்றச் சிகிச்சைகளையும் சேர்த்துக்கொள்பவர்கள் மறுபுறம். எந்தப் பக்கத்துக் கல்லூரிக்குள் கால் வைக்கிறோம் என்பது புதிதாகச் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

இரண்டு மொழி பேசும் வகுப்பறை

அமெரிக்காவில் இப்பட்டத்துக்குப் படிப்பது எளிதான காரியம் அல்ல. முதலில் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள், அதன்மேல் குறைந்தது 4,200 மணிநேரப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதே அளவையே சொல்கிறது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், எக்ஸ்ரே வாசிப்பு எல்லாம் பாடத்தில் உண்டு. தேசியப் பரீட்சை நான்கு பகுதிகளாக நடக்கும். அவற்றைத் தாண்டினால்தான் மாநில உரிமம்.

சிக்கல் பாடங்களுக்கு இடையில் வருகிறது. காலை விரிவுரையில் உடற்கூற்றியல் படித்த அதே மாணவர், பிற்பகல் தத்துவ வகுப்பில் பிசகைத் திருத்தினால் காதுவலி முதல் ஆஸ்துமா வரை குறையும் என்று கேட்கிறார். முதல் வகுப்பில் சான்று கேட்பது நல்ல மாணவரின் அடையாளம். இரண்டாவது வகுப்பில் அதே கேள்வி விசுவாசக் குறைவாகப் பார்க்கப்படலாம். கசந்து வெளியே வந்தவர்கள் பேசும்போது கட்டணத்துக்குச் சமமாக இந்த முரணும் வருகிறது.

இறுதிக் கட்டமான மருத்துவமனைப் பயிற்சி இன்னொரு பாடத்தைக் கற்பிக்கிறது. பட்டத்துக்குத் தகுதி பெறக் குறித்த எண்ணிக்கையில் நோயாளர்களுக்குச் சிகிச்சை செய்து காட்ட வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளோடு பிணைந்த மருத்துவ பீடங்களில் நோயாளர் வரிசையில் நிற்பார்கள். தனித்து இயங்கும் கைரோபிராக்டிக் கல்லூரியின் பயிற்சி நிலையத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. மாணவரே ஆள் தேட வேண்டும். நண்பர்கள், அறைத்தோழர், தேவாலயத்தில் தெரிந்தவர், கடைத்தொகுதியில் எதிர்ப்பட்டவர் என்று பிடித்து வர வேண்டும். சில வேளை அவர்களுக்கான கட்டணத்தையும் தன் பையிலிருந்து போட வேண்டும். நோயே இல்லாத இருபத்தைந்து வயது நண்பரின் முதுகை எண்ணிக்கைக்காக அழுத்திப் பழகியவருக்கு, நிஜமான நோயாளி வரும்போது ஆபத்தை இனங்காணுவது கடினம். முதுகுவலி என்று வருபவருக்குப் பின்னால் புற்றுநோயோ எலும்புருக்கியோ இருக்கக்கூடும். அதைக் கண்டு வேறிடம் அனுப்பும் கூர்மை நோயாளர்களைப் பார்த்துப் பார்த்தே வரும்.

பட்டம் வாங்கியதும் கடன் வந்து நிற்கும். அமெரிக்க மத்திய அரசு சுகாதாரத் துறை மாணவர்களுக்கென உத்தரவாதம் அளித்த கல்விக் கடன் திட்டத்தில், 2000ஆம் ஆண்டளவில் கடனைத் திருப்பிக் கட்டாதோர் பட்டியலில் பாதிக்கும் மேற்பட்டோர் கைரோபிராக்டர்கள். மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர் எல்லோரும் கடன் வாங்கிய திட்டம் அது. இத்தனை பேர் ஒரே தொழிலிலிருந்து தவறினால், அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. சந்தை தாங்கக்கூடியதைவிட அதிகமான பட்டங்களைக் கல்லூரிகள் விற்றிருக்கின்றன.

அங்கீகாரம் எதற்கு உத்தரவாதம்?

"அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிதானே" என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி, ஆனால் போதாது. அமெரிக்கக் கைரோபிராக்டிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் பேரவையை அந்நாட்டுக் கல்வித்துறை 1974இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு மாணவர் கடனுக்குக் கதவைத் திறந்தது. கோட்பாடு உண்மையா என்று கல்வித்துறை ஆராயவில்லை. அது அதன் வேலையும் அல்ல.

அங்கீகாரம் எவ்வளவு நொய்தானது என்பதை ஜோர்ஜியா மாநிலத்தின் மரியெட்டா நகரிலுள்ள லைஃப் பல்கலைக்கழகத்தின் கதை காட்டும். சிட் வில்லியம்ஸ் 1974இல் நிறுவிய அக்கல்லூரி உலகின் மிகப் பெரிய கைரோபிராக்டிக் கல்லூரியாக வளர்ந்தது. 2002 ஜூனில் பேரவை அதன் கைரோபிராக்டிக் பாடநெறிக்கான அங்கீகாரத்தை நீக்கியது. நோயைக் கண்டறியவும், பிற மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலையை உணரவும் மாணவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்பது குறைகளில் ஒன்று. பாடநெறியின் நடுவில் நின்ற மாணவர்களின் நிலை ஒரே நாளில் தலைகீழானது. அங்கீகாரம் இல்லாத இடத்துப் பட்டத்துக்கு உரிமம் கிடைப்பது அரிது. வேறு கல்லூரிக்கு மாறினால் படித்த பாடமெல்லாம் கணக்கில் சேருமா என்ற பயம். பலர் வெளியேறினார்கள். நிறுவனரும் பதவி இழந்தார். 2003 பெப்ரவரியில் நீதிமன்ற ஆணையால் அங்கீகாரம் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் பேரவையும் கல்லூரியும் நீதிமன்றமும் மோதிக்கொண்டன. விலை கொடுத்தவர்கள் மாணவர்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கைரோபிராக்டர்களை ஒழித்துக்கட்ட அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963 முதல் தனிக் குழு அமைத்தே வேலை செய்தது. செஸ்டர் வில்க் என்பவரும் வேறு சிலரும் 1976இல் தொடுத்த வழக்கில், அது போட்டியைச் சட்டவிரோதமாக முடக்கிய செயல் என்று 1987இல் நீதிபதி சூசன் கெட்ஸென்டானர் தீர்ப்பளித்தார். மருத்துவச் சங்கம் தோற்றது உண்மை. ஆனால் கைரோபிராக்டிக் கோட்பாடு சரியென்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. தொழிற்போட்டியில் கிடைத்த வெற்றியை அறிவியல் வெற்றியாகக் காட்டும் பிரசுரங்களை மாணவர் கவனமாக வாசிக்க வேண்டும்.

தொழிலுக்குள்ளிருந்தே தெளிவான குரல்கள் வந்திருக்கின்றன. முதுகெலும்புப் பிசகு என்பது வரலாற்றுக் கருத்து, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று பிரித்தானியாவின் பொதுக் கைரோபிராக்டிக் பேரவை 2010இல் அறிவித்தது. 2015இல் ஐரோப்பியக் கல்லூரிகள் பல ஒன்றுசேர்ந்து, அக்கருத்தை வரலாற்றுப் பாடமாகத் தவிர வேறு வகையில் கற்பிப்பது தகாது என்று அறிக்கை விட்டன. கையால் செய்யும் முதுகுச் சிகிச்சைக்குப் பயனே இல்லை என்றும் ஆகாது. கீழ்முதுகு வலிக்கு அது மற்றப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளை ஒத்த பலனைத் தருகிறது என்பது தொகுப்பாய்வுகளின் பொதுவான முடிவு. ஆக, இத்தொழிலில் நிற்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. அது இயன்மருத்துவர் செய்வதற்கு மிக அருகில் இருக்கிறது என்பதே விளம்பரத்தில் வராத செய்தி.

இலங்கையின் பதிவேட்டில் யார் இருக்கிறார்கள்?

இப்பட்டத்தோடு ஒருவர் கண்டிக்குத் திரும்பினால் எங்கே பதிவு செய்வார்? மேலைத்தேய மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும், இயன்மருத்துவர் போன்ற மருத்துவத் துணைத் தொழிலாளரையும் மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவ சபை பதிவு செய்கிறது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு பாரம்பரிய வைத்தியர்களுக்கும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் பதிவு உண்டு. கண்டிக் கிராமங்களில் தலைமுறையாக எலும்பு முறிவுக்கு எண்ணெயும் பச்சிலையும் வைத்து மூங்கில் பத்தை கட்டும் "கெடும் பிந்தும்" வைத்தியருக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாலாயிரம் மணிநேரம் படித்துவிட்டு வருகிற கைரோபிராக்டருக்கென இந்த இரண்டு பக்கத்திலும் தனிப் பதிவேடு இல்லை.

மலேசியாவில் நிலை வேறு. கோலாலம்பூரிலுள்ள சர்வதேச மருத்துவப் பல்கலைக்கழகம் 2010இல் கைரோபிராக்டிக் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அந்நாட்டின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் கைரோபிராக்டிக்கை ஒரு துறையாகவே ஏற்கிறது. ஒரே பட்டம் கோலாலம்பூரில் தொழில். கட்டுநாயக்காவில் இறங்கியதும் சட்டத்தில் பெயரில்லாத ஒன்று.

இந்த இடைவெளி இலங்கையில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டிருக்கிறது. களுபோவில ஆஸ்பத்திரியில் பணியாற்றிய, அக்குபங்சரில் பேர்பெற்ற அன்டன் ஜயசூரியவின் "மெடிசினா ஆல்டர்நேட்டிவா" இயக்கத்தோடு சேர்ந்து, துணை மருத்துவத்துக்கான திறந்த சர்வதேசப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் கொழும்பிலிருந்து உலகெங்கும் பட்டங்கள் வழங்கப்பட்டன. 2019இல் இந்திய மத்திய அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் நிஷங்க்கின் கௌரவக் கலாநிதிப் பட்டங்கள் சர்ச்சையானபோது, அவற்றை வழங்கிய இந்நிறுவனம் இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பதிவில் இல்லை என்று இந்திய ஊடகங்கள் எழுதின. கொழும்பு முகவரியும் "பல்கலைக்கழகம்" என்ற பெயர்ப்பலகையும் வெளிநாட்டாருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

பதிவேட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில் மாணவர் நசுங்கிய பெரிய உதாரணங்கள் மருத்துவக் கல்வியிலேயே இரண்டு உண்டு. 1980இல் ராகமையில் தொடங்கிய வடகொழும்புத் தனியார் மருத்துவக் கல்லூரி, தொடர்ந்த எதிர்ப்பால் 1989இல் அரசுடைமையானது. மாலபேயில் நெவில் பெர்னாண்டோ நிறுவிய சைட்டம் கல்லூரிக்கு 2011இல் வர்த்தமானி மூலம் மருத்துவப் பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. மருத்துவ சபையோ அதன் பட்டதாரிகளைப் பதிவு செய்ய மறுத்தது. பட்டம் செல்லும் என்றது அரசின் ஒரு கை; பதிவு கிடையாது என்றது இன்னொரு கை. தற்காலிகப் பதிவு வழங்குமாறு 2017 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கட்டளையிட்டதும் போராட்டம் வெடித்தது. அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். பேராதனை மருத்துவ பீடமும் முடங்கியது. கடைசியில் சைட்டம் மூடப்பட்டு, அதன் மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க 2018இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மரியெட்டாவிலும் மாலபேயிலும் நடந்தது ஒன்றுதான். பட்டத்தை ஓர் அமைப்பும் பதிவை வேறோர் அமைப்பும் கையில் வைத்திருந்தன. இரண்டும் ஒத்துப்போகுமா என்று மாணவரைச் சேர்ப்பதற்கு முன்பே பார்த்துவைக்க யாருக்கும் கடமை இருக்கவில்லை.

கண்டி மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி

கண்டிப் பிள்ளைகள் ஏன் இத்தகைய பட்டங்களைத் தேடுகிறார்கள்? அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் உள்ளன, கண்டி இல்லை. நகரத்தின் பெரிய பாடசாலைகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமே. ஆனால் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவ பக்கத்துத் தோட்டங்களும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. உயிரியல் பிரிவுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் தேடி அலைய வேண்டிய பாடசாலையில் படித்த லயத்துப் பிள்ளை, கண்டி நகரின் முன்னணிப் பாடசாலைகளோடு ஒரே வெட்டுப்புள்ளியில் போட்டி போடுகிறது. மலைத்தொடரின் அந்தப் பக்கத்தில், அதே மாதிரித் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பின்தங்கிய மாவட்டச் சலுகை உண்டு. மாவட்ட எல்லை ஓடும் இடம் ஒரு பிள்ளையை முகவரின் அலுவலகத்துக்கு அனுப்பப் போதுமானது.

இதே மாவட்டத்தில் இலவசமான, பதிவேட்டில் பெயருள்ள மாற்றுவழியும் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூடவியல், கதிர்ப்படவியல், இயன்மருத்துவம் ஆகியவற்றில் பட்டம் தருகிறது. அங்கேயும் கசப்பு இல்லாமல் இல்லை. சுகாதார அமைச்சின் பயிற்சிப் பள்ளிகளில் டிப்ளோமா பெற்றவர்கள் ஏற்கெனவே சேவையில் இருக்க, பட்டதாரிகளை எங்கே பொருத்துவது என்ற இழுபறி நெடுங்காலம் நீடித்தது. நான்காண்டுப் பட்டத்தை மூன்றாண்டாகக் குறைக்கும் பேச்சு எழுந்தபோதும், நியமனம் தாமதித்தபோதும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். என்றாலும் அந்தக் கசப்பு வேலையைப் பற்றியது. கற்ற அறிவு நிற்குமா, சட்டம் ஏற்குமா என்ற இரண்டு கேள்விகளும் அவர்களுக்கு இல்லை.

தேவை எவ்வளவு என்பதைத் தேயிலை மலையில் பார்க்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகத் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண் தலை உச்சியில் கயிற்றை மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிடுகிறார். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னே தள்ளி நிற்கும். இடுப்பில் கட்டிய படங்கு செடியில் உரச, சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுவார். நாட்கூலி முழுதாக விழ நிறுவையில் 18 கிலோ காட்ட வேண்டும் என்பது பல தோட்டங்களில் கேட்கும் கணக்கு. நாற்பது வயதுக்குள் கழுத்துப் பிடிப்பும் இடுப்பு வலியும் வந்துவிடும். தோட்ட டிஸ்பென்சரியில் கிடைப்பது பெரும்பாலும் வலி மாத்திரையும் தைலமும். இயன்மருத்துவரைப் பார்க்க அரை நாள் கூலியை விட்டுக் கண்டிக்கோ பேராதனைக்கோ பஸ் ஏற வேண்டும். அடுத்த வாரமும் வரச் சொன்னால் பலர் போகமாட்டார்கள்.

முதுகைப் பார்க்கத் தெரிந்த கைகள் இம்மலைக்குத் தேவை. இங்கே விற்பனையாவது "டாக்டர்" என்ற முன்னொட்டு. தோட்டத்துப் பிள்ளை ஒன்று நகை அடகு வைத்து வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்துத் திரும்பினால், கடனை அடைக்கக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வசதியுள்ள முதுகுகளைத்தான் தேட வேண்டியிருக்கும். பிறந்த மலைக்கு அந்தப் படிப்பு வந்து சேராது.

ஆகவே திருத்தம் மூன்று இடங்களில் வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைத் தான் ஏற்கிறதா என்று மானியங்கள் ஆணைக்குழு சொல்கிறது. அப்பட்டத்துக்கு இலங்கையில் தொழிற்பதிவு உண்டா என்பது வேறு கேள்வி. சுகாதாரப் பட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முகவர், அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் தர வேண்டும் என்று விதி வரவேண்டும். பதிவு இல்லாத சுகாதாரத் தொழில்களை ஏற்பதா, எந்த எல்லைக்குள் ஏற்பது என்று மலேசியாவைப் போல அரசு ஒரு முடிவுக்கு வரவேண்டும்; மௌனம் போலிகளுக்கே வசதி. பேராதனையில் படித்து வெளியேறும் இயன்மருத்துவருக்குத் தோட்டப்புற ஆஸ்பத்திரிகளில் நிரந்தர இடம் உருவாக்க வேண்டும். அப்படியொரு இடம் கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கண்ணுக்குத் தெரிந்தால், முகவரின் பிரசுரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே ஒரு தொழில் இருக்கும்.

அதுவரை, பணம் கட்டுவதற்கு முன்பு மாணவரும் பெற்றோரும் தாமே கேட்கவேண்டிய கேள்விகள் உண்டு. இந்தப் படிப்பு குணப்படுத்துவதாகச் சொல்லும் நோய்களில் எவற்றுக்குச் சான்று இருக்கிறது? பயிற்சிக்கான நோயாளர் எங்கிருந்து வருகிறார்கள்? நான் வாழப்போகும் நாட்டின் எந்தப் பதிவேட்டில் என் பெயர் ஏறும்? முதல் இரண்டுக்கும் கல்லூரி பதில் சொல்லட்டும். மூன்றாவதற்குப் பதிவேட்டை வைத்திருக்கும் சபையிடம் நேரே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்ட வேண்டும்.